பின்கழுத்தில் ஒரு சொட்டு

டாக்டர் பாலசுப்பிரமணியன் செத்துப்போனது தெரியாமல், விஜயஸ்ரீ அவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே மேஜை. மேஜையில் தலையணை. அதில் நெற்றியைக் கவிழ்த்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு...

அசதியில் சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"பைய எழும்புங்க டாக்டர், அவசரமில்ல." சுவரோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உங்களுக்கும் இன்னைக்கு வந்துட்டா? எனக்கு முந்தாநாளே ஆரம்பிச்சிட்டு. இடது கண்ணுக்குப் பின்னால ஆணி அடிக்க மாதிரி இருக்கு. வகுப்புல பிள்ளைங்க பக்கம் புரட்டுத சத்தம்கூடத் தாங்க முடியல."

பதில் இல்லை.

அவர் எப்போதும் அப்படித்தான். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"போன ஊசி ஒரு மாசம்கூடத் தாங்கல டாக்டர். நேத்து சோறு வடிக்கும்போது வாந்தி வந்துட்டு. கஞ்சி கால்ல கொட்டிட்டு. பம்பாய்ல தம்பிக்கு போன் போட்டேன். மீட்டிங்ல இருக்கேன், பொறவு கூப்பிடுதேன்னான். கூப்பிடல."

இந்தப் பாளையங்கோட்டையில் அவள் பேச்சை நடுவில் வெட்டாத ஒரே மனிதர் அவர்.

இன்றைக்கும் வெட்டவில்லை.

மின்விசிறிக் காற்றில் அவருடைய பின்தலை முடி விலகியது. பிடரியில், மண்டையோடு முடிகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து சட்டைக் காலர் வரை மெல்லிய கோடு.

காய்ந்த ரத்தம்.

"டாக்டர்..."

தோளைத் தொட்டாள். உடம்பு அப்படியே பக்கவாட்டில் சரிந்தது.

விஜயஸ்ரீ அலறவில்லை. அலறினால் தலை இன்னும் வலிக்கும் என்ற பயம் அவளுக்கு வருஷக்கணக்கான பழக்கம்.

வரவேற்பு மேஜைக்குப் போய்ப் போலீசுக்கு போன் செய்தாள்.

*

இன்ஸ்பெக்டர் எலியேசர் தடித்த மனிதர். குரல் மட்டும் மெல்லிசு.

"நீங்க எதுக்கு இங்கன வந்தீங்க, டீச்சர்?"

"தலையில ஊசி போட."

"தலையிலயா?"

"பிடரியில ஒரு நரம்பு ஓடுது சார். அதைச் சுத்தி மரத்துப்போற மருந்தைப் போடுவாரு. போடும்போது மண்டைக்குள்ள மணலை நெரிக்க மாதிரி கேக்கும். எரியும். பொறவு உச்சி வரைக்கும் மரத்துப் போயிரும். சீப்பு போட்டா, வேற யாரு தலையையோ வாருத மாதிரி இருக்கும்."

"வலி போயிருமா?"

"கொஞ்ச நாளைக்குப் போயிரும்."

முதல் ஊசி போட்ட அன்று, வலி இல்லாத தலையோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுததை அவள் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் 'தலைவலிக்காரி' என்று தெரிந்ததும் திரும்பிப் போனதையும் சொல்லவில்லை. இடம் தேடிப் பிடரியை அழுத்துகிற டாக்டரின் பெருவிரல், அப்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிற நர்ஸ் லில்லியின் உள்ளங்கை... இந்த இரண்டும் தவிர அவளை எந்த மனிதக் கையும் தொட்டு வருஷங்கள் ஆகின்றன என்பதை ஒரு போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது?

"டாக்டருக்கும் இதே தலைவலி உண்டா?"

"உண்டு. தாங்க முடியாம போனா லில்லிதான் அவருக்கு ஊசி போடுவா."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

லில்லி அப்போதுதான் சாப்பாட்டு இடைவேளை முடிந்து உள்ளே வந்தாள். உவரிக்காரப் பெண். கூட்டத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டாக்டருக்கு நீதானே ஊசி போட்டே?"

"இன்னைக்கு நான் போடல சார். சாப்பிடப் போயிருந்தேன்."

"பாத்த ஆளு உண்டா?"

"ஹாஸ்டல் ரூம்ல தனியா சாப்பிட்டேன். என்னை யாரு பாப்பா?"

மாடியிலிருந்து டாக்டரின் மனைவி அனுராதா இறங்கி வந்தாள். கீழே கிளினிக், மேலே வீடு. கலையாத கொசுவம். அழாத கண்கள்.

"சாப்பிட வரல. தூங்குதாருன்னு நெனச்சேன்," என்றாள்.

அறையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். போட்ட ஊசியைக் காணோம். எலியேசர் லில்லியைப் பார்த்து, "ஜீப்புல ஏறும்மா," என்றார்.

"லில்லி போடல, சார்."

எல்லோரும் விஜயஸ்ரீயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டர் ஊசிய உருவின உடனே இவ பஞ்சை வச்சு அழுத்துவா. போதும்னாலும் விடமாட்டா. எத்தனை தடவை என் பிடரியில அழுத்தியிருக்கா... ஒரு சொட்டு என் ரவிக்கையில பட்டதில்ல. அவரு காலர் வரைக்கும் ரத்தம் ஓடிருக்கு."

"கொல்லுதவ பஞ்சு வைப்பாளா, டீச்சர்?"

"அவ வைப்பா. அது அவ கைப்பழக்கம்."

எலியேசர் தாடையைச் சொறிந்தார். ஆனாலும் லில்லியை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது.

அனுராதா மட்டும் விஜயஸ்ரீயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

போஸ்ட்மார்ட்டத்தில் சந்தேகம் உறுதியானது. டாக்டர் உடம்பில் ஏறியிருந்தது மரத்துப்போகும் மருந்து இல்லை... வேறு ஏதோ.

சனிக்கிழமை. வெளியே நல்ல வெயில்.

மகாராஜநகர் வீட்டில் ஜன்னல்களையெல்லாம் அடைத்து, நெற்றியில் ஈரத்துண்டோடு விஜயஸ்ரீ சுருண்டு கிடந்தாள். தவறிப்போன ஊசிக்கு வலி வட்டியோடு வந்திருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை.

அழைப்பு மணி.

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க் கதவைத் திறந்தாள்.

கையில் ஒரு வயர்கூடையோடு அனுராதா!

"வலிக்குதோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள். "வெளக்கு போடல, பயப்படாதீங்க. தலைவலிக்காரங்க வீட்டுல இருந்தவதான் நானும்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"பஞ்சு சமாச்சாரம் சொன்னீங்கல்லா அன்னைக்கு. சரியாத்தான் சொன்னீங்க." கூடையை மேஜையில் வைத்தாள். "பஞ்சைக் கையில எடுத்தேன் டீச்சர். பொறவு, இனி எதுக்குன்னு கீழ போட்டுட்டேன்."

விஜயஸ்ரீ சாத்திய கதவைப் பார்த்தாள். ஓட வேண்டும். ஆனால் தலையைத் திருப்பினாலே தரை சுழன்றது. நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள்.

"ஏன்... ஏன் செய்தீங்க?"

"கீழ உங்ககிட்ட அவரு பேசுத சத்தம் மாடி வரைக்கும் கேக்கும். நல்லாப் பேசுவாரு, சிரிப்பாரு. மேல ஏறி வந்தா, தலை வலிக்குது, பேசாதன்னுவாரு. வெளக்கு போடாத, பாத்திரத்தை உருட்டாத, ரேடியோ வைக்காத... வருஷம் பூரா இருட்டுல ஒரு ஆளுக்குப் பக்கத்துல சத்தமில்லாம இருந்து பாத்திருக்கீங்களா?"

"எனக்குப் பக்கத்துல ஆளே கிடையாது," என்றாள் விஜயஸ்ரீ.

 அனுராதா கூடையிலிருந்து துணி சுற்றிய எதையோ எடுத்தாள்.

"அன்னைக்குக் கீழ இறங்கிப் போயி, களக்காட்டுக்கு எங்கம்மா வீட்டோட போறேன்னு சொன்னேன். சரின்னாரு. எப்ப வருவேன்னு கேக்கல. லில்லி இல்ல, எனக்கு ஒரு ஊசியப் போட்டுட்டுப் போன்னாரு. லில்லி வேலைக்கு வாரதுக்கு முன்னால நான்தான் அவருக்குப் போடுவேன். அலமாரியத் தொறந்தேன். அந்த மருந்துக்குப் பக்கத்துல இன்னொரு குப்பி இருந்துச்சு..."

துணியைப் பிரித்தாள். உள்ளே ஊசி. ஏற்கெனவே மருந்து நிரப்பிய ஊசி.

"திரும்புங்க. உங்க ஊசி பாக்கி இருக்கு."

கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். விஜயஸ்ரீ வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து இடது கண்ணுக்குள் அந்த ஆணி இன்னும் ஒரு அடி இறங்கியது. கண் முன்னால் வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள் நெளிந்தன. வாயிலிருந்து வந்தது கத்தல் இல்லை, முனகல்.

ஒரு குத்து. கொஞ்சம் எரிச்சல். அப்புறம் வலியே இல்லை... எந்த வழியில் போனால்தான் என்ன? தான் இல்லாததைத் திங்கட்கிழமை வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் யாராவது கவனிப்பார்கள்.

மெல்ல மேஜையில் நெற்றியைக் கவிழ்த்தாள்.

அனுராதாவின் விரல்கள் பிடரி முடியை ஒதுக்கின. ஸ்பிரிட் பட்டுக் குளிர்ந்தது. பெருவிரல் தேடித் தேடி, வலிக்கிற அந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது.

"கையை எடுங்கம்மா."

எலியேசர். கொல்லைப்புற வாசலில், இரண்டு கான்ஸ்டபிள்களோடு.

அனுராதா திமிறவில்லை. ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, ஈரத்துண்டை எடுத்து விஜயஸ்ரீயின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

*

சில நாள் கழித்து எலியேசர் வந்தார். விஜயஸ்ரீ இன்னும் நெற்றியில் துண்டோடுதான் இருந்தாள்.

"லில்லியை அன்னைக்கே விட்டாச்சு, டீச்சர். அவங்க அப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"இனி வரமாட்டாளா?"

"வரமாட்டான்னுதான் நெனைக்கேன். நீங்க பஞ்சைச் சொன்னதிலேருந்தே அந்தம்மா பின்னால ஆள் போட்டிருந்தேன். உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டாங்கன்னு தகவல் வந்ததும் ஓடி வந்தேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த ஊசிய சோதனைக்கு அனுப்பினோம்லா. ரிப்போர்ட் வந்துட்டு."

"என்ன விஷம் சார்?"

"விஷம் இல்ல."

விஜயஸ்ரீ துண்டை விலக்கிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"டாக்டர் உங்களுக்குப் போடுவாருல்லா... அதே மருந்து. அளவுகூடச் சரியா இருக்காம். அந்தம்மாட்ட கேட்டேன். 'டீச்சர் ஊசி போட வந்த நாளு என்னால கெட்டுப்போச்சு. அதைப் போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குத்தான் வாரதா இருந்தேன்'னு சொல்லுதாங்க. நான் என்னன்னா, ஒரு உசிரைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சிட்டிருக்கேன்."

மின்விசிறி கிரீச்சிட்டுச் சுற்றியது. விஜயஸ்ரீ இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"ஒரு ரெண்டு நிமிஷம் பிந்தி வந்திருக்கப்படாதா, சார்?"