தஹ்மாவின் குஞ்சு

குஞ்சின் வெண்பஞ்சு உதிர்ந்து கறுப்பு இறகு முளைத்தபோது நெற்றியில் மட்டும் ஒரு கீற்று வெள்ளையாக நின்றது. தாய் வல்லூறு தஹ்மா கரிக்கட்டை. அவள் பரம்பரையில் வெள்ளை கலந்ததே இல்லை. பண்ணைக்காரன் கானிமே இணை பார்த்துச் சேர்த்து வளர்த்த பரம்பரை அது.

"அப்பன உரிச்சு வெச்சிருக்கு முதலாளி" என்று சிரித்தான் பண்ணையாள் குல்பாஸ்.

கானிமின் கை தன் நெற்றிமேல் இருந்த வெள்ளை முடிக் கொத்துக்குப் போனது. அவன் தந்தைக்கும் அது பிறவியிலேயே உண்டு. போன மாதம் பிறந்த மகள் ஹெஸ்ஸாவுக்கும் உண்டு.

முட்டையிலிருந்து அவன் கையிலேயே வளர்ந்த தஹ்மா, அவனைத்தான் துணையாக நினைத்தாள். ஒவ்வொரு பருவத்திலும் அவன் தலைதாழ்த்திக் குரல் கொடுப்பான், அவளும் தாழ்த்துவாள், பிறகு ஆண் பறவையின் விந்தைக் குழலால் செலுத்துவான். இந்த முறை மனைவியின் பிரசவ அலைச்சலில் அதைச் செய்யவே இல்லை. கூமுட்டை என்று அவன் விட்டுவைத்ததில்தான் இது பொரிந்தது.

வெளியே மணற்காற்று தகரக் கூரையைப் பிராண்டிக்கொண்டிருக்க, ஏசியின் ரீங்காரத்துக்கு அடியில், காடை ரத்தமும் எச்சமும் கலந்த வாடைக்கு நடுவே, குஞ்சு வயிறு புடைக்கத் தின்றுவிட்டுத் தூங்கியது. வீட்டில் ஹெஸ்ஸா நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. மருத்துவர்களுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. குழந்தை போய்விடுவாளோ என்று கானிமுக்கு உயிரே இல்லை.

தஹ்மா காடையின் நெஞ்சில் ஒரு துணுக்கைக் கிழித்தாள். குஞ்சுக்குத் தரவில்லை. அவனிடம் நீட்டினாள். அவன் பின்வாங்கினான். மறுபடி நீட்டிவிட்டு, வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள்.

போன் அதிர்ந்தது. மனைவி ஷம்மா.

"கானிம், சீக்கிரம் வாங்க. அழக்கூட தெம்பில்ல அவளுக்கு."

அவன் துணுக்கை வாங்கிக்கொண்டான். எதற்கென்று யோசிக்கவே பயமாக இருந்தது.

தொட்டில். மூடிய கண்கள். உலர்ந்த உதடு. துணுக்கை அதனருகே கொண்டுபோனான். ஷம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தடுக்கவில்லை.

வாய் பிளந்தது. அகலமாக.

ஹெஸ்ஸா விழுங்கினாள். கன்னத்தில் நிறம் ஏறியது. பிறகு கீச்சிட்டாள். பண்ணையில் கேட்கும் அதே குரல்.

ஷம்மா அழுதுகொண்டே மகளின் நெற்றியைத் தடவினாள். விரல் நின்றது.

"இங்க ஏதோ குத்துதுங்க."

வெள்ளை முடிக்கு நடுவே, தோலைக் கிழித்துக்கொண்டு, கறுப்பாக ஓர் இறகுக் குருத்து. ரத்தம் இன்னும் காயவில்லை.

குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். மறுபடி வாயைப் பிளந்தாள்.