குமாரசாமி என்ற கன்டெய்னர்

நிறுத்திய கன்டெய்னர் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது.

புவனேஸ்வரி முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். பெயரைத் தப்பாக அடித்திருக்கலாம். என்டரைத் தட்டாமலே டீயை எடுத்திருக்கலாம். கறுப்புத் திரையில் நிறுத்தும் கட்டளையை மறுபடி அடித்தாள், குமாரசாமி என்று பெயர் சேர்த்தாள், என்டரைச் சுண்டுவிரலால் தட்டினாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பெயரை அப்படியே திருப்பிச் சொன்னது. நின்றுவிட்டது என்று அர்த்தம். சரி என்று பட்டியலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மற்ற எல்லா கன்டெய்னர்களும் நின்றிருந்தன. அது மட்டும் ஓடியது.

அன்று அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசை அன்று யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். மற்ற நாட்களில் இந்த மாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் தெருவே ஒரு பெரிய நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருக்கும்; எந்த வீட்டுச் சத்தம் எது என்று பிரிக்க முடியாதபடி தறிப்பலகைகள் மோதும். இன்று மழை மட்டும்தான். ஐப்பசி மழை, மதியத்திலேயே விளக்குப் போடவைக்கும் இருட்டு, கீழே சாயக்கடையிலிருந்து ஏறி வரும் ஈரப்பட்டு வாடை, மூலையில் விசிறி சுழலும் சர்வர் பெட்டியின் மெல்லிய முனகல். யாரும் திட்டமாட்டார்கள் என்பதால்தான் பராமரிப்பு வேலையை எல்லாம் அவள் அமாவாசைக்கு வைத்துக்கொள்வாள்.

வேலை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. அவள் வேலை பார்த்த நெசவாளர் சங்கம், வீடுகளுக்கு சேலையில் டிசைன் போடும் கம்ப்யூட்டர் ஜக்கார்டு வாங்கிக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு தறியின் தலையிலும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இந்த அறைக்கு ஒரு ஒயர். சர்வருக்குள்ளே தறிக்கு ஒரு கன்டெய்னர், நெய்கிறவர் பெயரிலேயே. ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்த போர்ஷன்கள் மாதிரி அவை. ஒரு போர்ஷனில் அடுப்பு வெடித்தாலும் பக்கத்துப் போர்ஷனில் ரசம் நிம்மதியாகக் கொதிக்கும். தறியில் காலால் மிதித்தால், அந்தத் தறிக்கான கன்டெய்னர் அடுத்து எந்த இழைகளைத் தூக்க வேண்டும் என்று சொல்லும். சொன்னதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு வரி விழும். அவ்வளவுதான்.

குமாரசாமி ஆடி மாதம் தறியிலேயே உட்கார்ந்தபடி செத்துப்போனவர். சேலையின் முந்தி பாதியில் நின்றுவிட்டது. தறியைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டார்கள். அவர் சம்சாரம் வாலாஜாபாத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டது. ஒயரைக் கழற்றியவள் புவனேஸ்வரிதான். கன்டெய்னரை அழிப்பது மட்டும் பாக்கி இருந்தது.

அவருக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காது. பலகையை இழுத்து அடிக்கும்போது பிடி போதாது என்று மூன்று அடி அடிப்பார். இரண்டு பலமாக. மூன்றாவது மெதுவாக, தட்டிக்கொடுக்கிற மாதிரி. தெருவில் எத்தனை தறி ஓடினாலும் அந்த மூன்றாவது அடி தனியாகக் கேட்கும்.

அவள் கன்டெய்னரின் பதிவைத் திறந்தாள். வரி விழுந்தது. இடைவெளி. இன்னொரு வரி. இடைவெளி.

யாரோ மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிக்குப் போன் போட்டாள். அதே தெருவில் அவர்கள் வீட்டுத் தறியில் லோகேஸ்வரன் இப்போதுதான் முதல் சேலை நெய்துகொண்டிருந்தான்.

"லோகு, இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"மழையப் பாத்துக்கினு இருக்கிறேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்குது. நீ இன்னா, கம்ப்யூட்டர் கூட குடும்பம் நடத்திக்கினு இருக்கிறியா?"

"தறியில ஒக்காந்தியா?"

"அமாவாசைல தறிய மிதிச்சா அம்மா என்னை மிதிக்கும். ஏன் கேக்கற?"

"ஒண்ணும் இல்லபா."

"நானே சொல்லணும்னு இருந்தேன்க்கா. முந்தியில மயில் போட சொன்னேன்ல? நேத்து வேற இன்னாவோ வருது. யாளி மாதிரி. பழைய டிசைனு. நான் கேட்டது ஒண்ணு, உன் டப்பா போடறது ஒண்ணு."

"நீ மிதிய மாத்தி மிதிச்சிருப்ப."

"ஆமா, தப்பெல்லாம் எங்களுது. இன்ஜினியரம்மாவுக்குத் தப்பே வராது." சிரித்தான். பிறகு சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "கை வேற மரத்துப் போயிருக்குதுக்கா. நேத்துலருந்து ரெண்டு விரல் மடங்க மாட்டுது. புதுசா நெய்யறதால இருக்கும்ல?"

எந்தக் கை என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. "எண்ணெய் தடவிக்க. தறிக்கிட்ட போவாத" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

திரையில் வரி விழுந்துகொண்டே இருந்தது. யாளி குமாரசாமியின் பாதி முந்தியில் இருந்தது. அவளே ஏற்றிக் கொடுத்த டிசைன். ஒவ்வொரு இழையும் அவளுக்குத் தெரியும்.

தறியே இல்லாத கன்டெய்னர் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது? அது பேசும் முகவரியைத் தோண்டி எடுத்தாள். தறிப்பெட்டிகளுக்கு அவள்தான் முகவரி கொடுத்திருந்தாள். பார்த்தவுடனே வீடு தெரிந்துவிடும். தெரிந்தது. அவர்கள் வீடு.

அப்போதுதான் அவளுக்கு லோகுவின் தறியை இணைத்த சாயங்காலம் ஞாபகம் வந்தது. லோகுவுக்குக் கன்டெய்னர் வேண்டும். வெறும் அச்சிலிருந்து புதிதாக எடுத்தால் அமைப்புகளை முதலிலிருந்து செய்ய வேண்டும். குமாரசாமி கன்டெய்னரில் எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தது. அதையே நகல் எடுத்து, மேலே லோகு பெயரை வைத்தாள். நெசவுக்கார வீட்டுப் பெண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை. தறியில் எப்போதும் அப்படித்தானே. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் தீர்ந்தால் தறியைக் காலி செய்யமாட்டார்கள். பழைய பாவின் வாலில் புதுப்பாவை வைத்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு, இழைக்கு இழை முறுக்கிப் பிணைத்து இழுத்துவிடுவார்கள். வால் இருந்தால் வேலை சுலபம்.

ஒரே ஒரு தறியில் மட்டும் அப்படிச் செய்யமாட்டார்கள். ஆள் தறியில் செத்திருந்தால். அந்தப் பாவை அறுத்து, வாலைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை. இது அவளுக்குத் தெரியும். பட்டுக்குத்தான் அது என்று நினைத்திருந்தாள்.

லோகு கன்டெய்னர் நன்றாக ஓடியது. அதனால் அடுத்து கலைவாணனுக்கு அதன் நகல். கலைவாணன் கன்டெய்னரிலிருந்து பரமசிவத்துக்கு. அதிலிருந்து தையல்நாயகி வீட்டுக்கு. ஒன்றின் வாலில் ஒன்று. அவள் கையால், இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தெரு முழுவதையும் பிணைத்திருந்தாள்.

குமாரசாமி கன்டெய்னருக்குள்ளேயே நுழைந்து பார்த்தாள். ஓடும் வேலை ஒன்றே ஒன்று. அது டிசைன் கோப்பைத் திறந்துகூட வைத்திருக்கவில்லை. வரிகள் இங்கிருந்து தறிக்குப் போகவில்லை. தறியிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்தன.

மழை சட்டென்று குறைந்தது. அந்த இடைவெளியில் கேட்டது.

தூரத்தில். தெருவின் அந்தப் பக்கத்தில். ஒரே ஒரு தறி.

டக். டக்.

டொப்.

திரையில் வரி விழுந்தது.

போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்தது. அடித்தது. எடுத்தான். காதுக்குள்ளேயே பலகை மோதியது. இரண்டு பலமாக. ஒன்று மெதுவாக.

"லோகு. எழுந்திரு. தறிய விட்டு எழுந்திருடா."

டக். டக். டொப்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்குது" என்றான். குரல் லோகுவுடையதுதான். அவசரமே இல்லாத குரல். "முந்திய முடிச்சிட்டு வந்துடறேன். நீ போய் வெளையாடு, பாப்பா."

பாப்பா என்று அவளைக் கூப்பிட்டவர் இந்தத் தெருவில் ஒருவர்தான்.

அவள் கீபோர்டுக்குத் திரும்பினாள். கை மட்டும் வேலை செய்தது. நிறுத்துவது இல்லை இனி. கொல்லும் கட்டளை. கெஞ்சாமல், காத்திருக்காமல், உள்ளே ஓடுவதை அப்படியே வெட்டிப்போடும் கட்டளை. அடித்தாள். குமாரசாமி. என்டர்.

போனில் லோகு அலறினான்.

விரலை வைத்துக் கதவைச் சாத்திய மாதிரி அலறல். பிறகு மூச்சு. பிறகு அவனுடைய சொந்தக் குரல், சின்னப் பையன் குரல்: "அக்கா... இன்னா பண்ண? வலிக்குதுக்கா. கைய புடுங்கறாங்க."

பட்டியலைப் பார்த்தாள். ஓடுகிறது.

கீழே லோகேஸ்வரன் என்ற கன்டெய்னர். அதுவும் இப்போது ஓடுகிறது.

கலைவாணன். ஓடுகிறது.

மறுபடி கொல்ல விரல் எழுந்தது. எழுந்த விரலை இறக்க முடியவில்லை. போனில் அவன் விசும்பிக்கொண்டிருந்தான். விசும்பலுக்கு நடுவில் பலகை நிற்காமல் மோதிக்கொண்டிருந்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சர்வர் பெட்டியின் பின்னால் கைவிட்டு ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கினாள். மின்சார ஒயரையும் இழுத்தாள். விசிறி முனகி முனகி நின்றது. திரை கறுத்தது. பெட்டியில் ஒரு விளக்குப் பொட்டுகூட இல்லை.

டக். டக். டொப்.

மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்றது. தெருவில் கணுக்கால் வரை சாயத்தண்ணீர் ஓடியது. மழையில் கரைந்த அரக்குச் சிவப்பு. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. கலைவாணன் வீட்டைத் தாண்டும்போது உள்ளே ஏதோ அசைந்தது. மரத்தோடு மரம் உரசுகிற சத்தம். அவள் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

கூடத்தில் விளக்கு இல்லை. கூரை ஓட்டுக் கண்ணாடியிலிருந்து இறங்கிய சாம்பல் வெளிச்சத்தில் தறி தெரிந்தது. மேலே ஜக்கார்டு பெட்டி. அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அதன் கொக்கிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

தறிக்குழியில் கால்களை விட்டு லோகு உட்கார்ந்திருந்தான். முதுகு அவளைப் பார்த்து இருந்தது. அவன் கூன் போட்டு உட்காரமாட்டான். இப்போது கூன் போட்டிருந்தான்.

"லோகு."

திரும்பினான். முகம் முழுக்கக் கண்ணீர். அவன் முகம்தான். உதடு மட்டும் தட்டிக்கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது.

அருகில் போனாள். மடியில் முந்தி வளர்ந்திருந்தது. யாளிக்குக் கண் வந்திருந்தது. வலது கை பலகையின் மேல். சுண்டுவிரலும் மோதிரவிரலும் நேராக நீட்டிக்கொண்டு இருந்தன.

அந்த இரண்டு நகங்களுக்கும் அடியிலிருந்து சிவப்பு இழைகள் புறப்பட்டன.

பட்டு இழைகள். ஒன்றிரண்டு இல்லை. பாவுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு இழையும் ஒரு பாவு இழையோடு முறுக்கிப் பிணைந்திருந்தது. பிணைத்த ஒவ்வொரு இடத்திலும் சாம்பல். பலகை அடிக்க அடிக்கப் பாவு முன்னால் நகர்ந்தது. நகர நகர விரலுக்குள்ளிருந்து இழை நீண்டது.

"அறுத்துடுக்கா." உதடு சிரித்தபடியே இருக்க, அதன் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "வலிச்சாலும் பரவால்ல. அறுத்துடு."

தறிக்காலில் கயிற்றில் கத்தரி தொங்கியது. எடுத்தாள். அறுத்துவிட வேண்டியதுதான். ஆடியிலேயே அறுத்திருக்க வேண்டியது. கத்தரியின் வாயை விரித்து இழைகளுக்கு நடுவில் வைத்தாள். இழைகள் சூடாக இருந்தன. நாடி மாதிரி துடித்தன. கண்ணை மூடிக்கொண்டாள். அழுத்தினாள்.

கத்தரி மூடவில்லை.

மறுபடி அழுத்தினாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தறி ஆரம்பித்தது. இரண்டு பலமாக. ஒன்று மெதுவாக. அதற்கும் பக்கத்து வீட்டில் இன்னொன்று. எதிர்ச்சாரியில் ஒன்று. அமாவாசைத் தெருவில், சாத்திய கதவுகளுக்குப் பின்னால், தறி தறியாக எழுந்து எல்லாம் ஒரே அடியில் வந்து சேர்ந்தன.

டக். டக்.

கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். கத்தரியைப் பிடித்த வலது கை. கட்டைவிரல் மடங்கியிருந்தது. ஆட்காட்டிவிரலும் நடுவிரலும் மடங்கியிருந்தன.

மற்ற இரண்டும் நேராக நீட்டிக்கொண்டு இருந்தன. என்டர் தட்டிய சுண்டுவிரலின் நகத்தடியில், சிவப்பாக, ஒரு நுனி.

டொப்.

நுனி கொஞ்சம் நீண்டது.