அசல் பூட்டு

“‘வேண்டும்’னு எழுதியிருக்குடா. கண்ணு நொள்ளையா உனக்கு?”

“அது ‘வேண்டாம்’, அண்ணா. அப்பா எழுத்து எனக்குத் தெரியாதா?”

“உனக்கா? அவர் இதை எழுதறப்ப நீ தொட்டில்ல கிடந்தே.”

கார் ஷெட்டிலிருந்து வந்த இந்தச் சண்டைச் சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்டது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணி எடுக்க வந்தவர்கள், எடுத்த துணியை உதறி மறுபடியும் கொடியிலேயே போட்டார்கள். பாதியில் இறங்கிப் போனால் மீதிச் சண்டையை யார் சொல்வது?

சண்டை ஒரு துண்டுச் சீட்டுக்காக. இவர்களுடைய அப்பா, தன் காரிலிருந்து எந்தச் சாமானைக் கழற்றினாலும் பழைய துணியில் சுற்றி, ஒரு சீட்டு எழுதிக் கட்டிப் பரணில் வைக்கிற மனிதர். ‘இது கசியும்’, ‘இது நல்லது, பத்திரம்’ என்றெல்லாம் எழுதியிருக்கும். மற்றவற்றுக்கு ஒரு சுற்றுத் துணி. இதற்கு மட்டும் மூன்று சுற்று, மேலே கம்பி. உள்ளே இருந்தது காரின் இடப்பக்கப் பின்கதவுப் பூட்டு. சீட்டில் ‘மாட்ட வேண்’ வரை தெளிவு. அப்புறம் ஒரு கிரீஸ் பொட்டு. அதைத் தாண்டி ‘ம்’. பொட்டுக்கு அடியில் இருப்பது ‘டு’வா ‘டா’வா என்பதில்தான் அண்ணனும் தம்பியும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால், வாழ்த்துவதற்கு முன்னால் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கையில் திருப்பிக் கொடுப்பார். அப்பாவின் காரை அவர் வாங்கியபடியே, ஒரு ஆணி மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்று பத்து வருஷமாய் உயிரை விடுகிறவர். அதனால் தெருவில் அவர் பெயர் ‘அசல்’. தம்பி பழைய கார்களுக்குப் புது எஞ்சின், புது பிரேக், ஏசி எல்லாம் வைத்துக் கொடுக்கிற பட்டறைக்காரன். அவன் பெயர் ‘மாத்தல்’. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

“பெட்ரோல் தொட்டுத் துடைச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்” என்றான் மாத்தல்.

“சீட்டும் அசல்தான். தொடாதே.”

அடுப்படியின் பின்வாசலில், கழுவின தட்டு கையில் சொட்டச் சொட்ட, அசலின் மனைவி நின்றிருந்தாள். சண்டை அவளுக்குப் புதிதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ஆட்கள் இருவரும் காருக்கு முன்னால் நிற்க, காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. பெரிய ஆள் இல்லை. ஒரு அரிசி மூட்டையில் பாதி கனம்.

தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள்.

இது ஆரம்பித்து மூன்று மாதம் இருக்கும். பழைய கார்க் கண்காட்சியில் ஒரு நடுவர் அந்தக் காரைச் சுற்றி வந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டுவிட்டுப் போனார். வேறு ஆளாயிருந்தால் தொண்ணூற்றாறுக்கு இனிப்பு கொடுத்திருப்பார். அசல் அந்த நாலுக்காகப் பரண் ஏறினார். முதலில் வந்தது முகப்புக் கடிகாரம். சாவி கொடுக்காமலே ஓடியது, தினமும் நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு நின்றது. அடுத்து ஹார்ன். அடுத்து பின்சீட்டின் பழுப்பு உறை. அதைப் போட்ட நாளிலிருந்து, மூடிய கண்ணாடிக்குள் கிரீஸ் வாசனைக்கும் பழந்தோல் வாசனைக்கும் அடியில், முகப்பவுடரும் வாயில் போட்டுப் பாதி கரைந்த புளிப்பு மிட்டாயும் கலந்த ஒரு வாசனை, கதவைத் திறந்ததும் இடுப்பு உயரத்தில் வந்து முட்டியது. இடுப்பு உயரத்தில்தான். குனிந்தால் கனத்தது, நிமிர்ந்தால் இல்லை. “உனக்கு மூக்கு பெரிசு” என்றார் அசல். மீதி இருந்தது பூட்டு ஒன்றுதான்.

சீட்டுச் சண்டை நடந்த அன்று தம்பி சாப்பிடாமல் கிளம்பினான். போகிற வழியில் அடுப்படி ஜன்னலில் நின்றான்.

“அண்ணி, சிட்டுவை அந்த வண்டில ஏத்தாதீங்க.”

சிட்டு அவள் மகள். ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. தரையில் கால் பாவாத ஜாதி.

“ஏன் தம்பி?”

“உங்ககிட்ட பாப்பா காய்ச்சல்ல போயிட்டான்னுதானே சொல்லியிருக்காங்க?”

பாப்பா என்பது அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே பிறந்த பெண். அந்த வீட்டில் அவளுக்குப் படமும் கிடையாது, பேச்சும் கிடையாது.

“காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. அம்மா சாகறப்ப சொன்னாங்க. அந்தக் கதவுக்குக் கீல் பின்னால, பிடி முன்னால. லேசா திறந்தாலே காத்து பிடிச்சு இழுத்துடும். அந்தப் பூட்டு பிடிக்க வேண்டிய நேரத்துல விடும், விட வேண்டிய நேரத்துல பிடிக்கும். ஓடற வண்டில பாப்பா சாய்ஞ்சா. அவ்வளவுதான். பக்கத்துல உட்கார்ந்திருந்தது அண்ணன். பதினோரு வயசு. கையை எட்டிப் பிடிச்சானாம். வளையல்தான் கைல வந்துச்சாம்.”

அவள் தட்டை வைத்தாள். “பெல்ட்டாவது போட்டுக் கொடு தம்பி.”

போட்டுக் கொடுத்தான். மறுநாள் காலை, பெல்ட் அழகாகச் சுருட்டி அடுப்படி மேடையில் இருந்தது. மேலே கணவரின் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘நீக்குக.’

“ஏங்க, குழந்தை உட்கார்ற இடம்.”

“அசல்ல பெல்ட் கிடையாது.”

“அசல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அந்த முகத்தில் இருந்தது ஆசை. “எல்லாம் அன்னைக்கு இருந்தபடியே இருக்கணும்” என்றார், கண்காட்சியைப் பற்றிச் சொல்கிறவர் போல. “அவ்வளவுதான் கேக்கறேன்.”

சனிக்கிழமை பூட்டை மாட்டினார். நாலே திருகாணி. மாட்டி முடித்துக் கதவைச் சாத்தியபோது வந்த ஒலி, உலோகம் உலோகத்தில் விழுந்த ஒலி மாதிரி இல்லை. வாய்க்குள் நாக்கு அடித்த ஒலி. ‘ட்டொக்.’ வெளிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. வேறு கதவு வழியாக உள்ளே போய்ச் சுண்டு விரலால் தொட்டார். திறந்துகொண்டது. “அப்படியே இருக்கு” என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் நாலு ஐந்துக்கு அடுப்படியில் அவளுக்கு அந்த ஒலி கேட்டது. ட்டொக். ஷெட்டில் யாரும் இல்லை. இடப்பக்கப் பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சாத்தினாள். திரும்பி நாலடி வைத்தாள். ட்டொக்.

துணிக்கொடிக் கயிறு எடுத்து வந்து முன்கதவுக் கைப்பிடியோடு சேர்த்து ஏழு முடிச்சுப் போட்டாள். அவள் போட்டது முரட்டு முடிச்சு, பல்லால் இழுத்து இறுக்கியது. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து பார்த்தபோது முடிச்சுகள் அவிழ்ந்திருந்தன. கயிறு கீழே விழவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சடை மடித்துக் கட்டுவோமே, அந்த மாதிரி இரண்டு காது வைத்த பூ முடிச்சாக, கைப்பிடியில் அழகாகத் தொங்கியது.

மகளைக் கேட்டாள். “எனக்கு ரிப்பன் கட்டவே தெரியாதும்மா” என்றாள் சிட்டு. உண்மை. தினமும் கட்டிவிடுவது இவள்தானே.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளை விட்டு அகலவில்லை. பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, படம் வரையும்போது. மூன்றரை மணிக்குச் சிட்டு கண்ணயர்ந்தாள். போர்வையை இழுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். முகம் கழுவ எவ்வளவு நேரம்? கண்ணில் சோப்பு இருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டது.

ஓடினாள். படுக்கை காலி. வாசல். கேட் திறந்திருந்தது. தெருமுனையில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் மகளின் தலை, இடப்பக்கம், கதவில் சாய்ந்தபடி. அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டது அவள் காதுக்கே கேட்கவில்லை.

தம்பிக்கு போன் போட்டாள். “வரேன் அண்ணி, வரேன்” என்றான். வந்து என்ன செய்வான்? கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி வெயிலில் கொதித்தது. விடவில்லை. நாலு மணி. நாலு மூன்று. எதிர்வீட்டில் யாரோ “என்னம்மா, வெயில்ல நிக்கறே?” என்றார்கள். நாலு ஐந்து.

எங்கோ தூரத்தில் ஹார்ன். ஒரு தடவை. நீளமாக.

அப்புறம் ஒன்றுமில்லை.

அப்புறம் எஞ்சின். மெதுவாக. வருகிறது. கார் வருகிறது. இடப்பக்கப் பின்கதவு மூடியிருக்கிறது. உள்ளே தலை தெரிகிறது. நேராக. உயிரோடு. அவள் கம்பியை விட்டாள்.

கதவு திறந்தது. சிட்டு இறங்கினாள். ஒரு கீறல் இல்லை. சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. காலையில் பின்னி விட்ட சடை, இப்போது இரண்டாக மடித்து, காது வைத்து, கட்டியிருந்தது. அசல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டும்.

குழந்தை வீட்டைப் பார்த்தது. மேலும் கீழும். கிணறு இருந்து மூடிய இடத்தைப் பார்த்தது.

“கிணறு எங்கே அண்ணா?”

அசல் இறங்கி வந்து அதன் கையைப் பிடித்தார். மணிக்கட்டை. இறுக்கி.

பிறகு அது இவளைப் பார்த்தது. தலைமுதல் கால்வரை, புதிதாய்க் குடிவந்தவளைப் பார்க்கிற மரியாதையோடு. வாயில் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியது.

“இவங்கதான் அண்ணியா?”

குழந்தைக்குப் பின்னால் கார்க் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ட்டொக். உள்ளே, காலியான பின்சீட் தாழ்ந்தது.

அரை மணியில் தம்பி வந்தான். எல்லாக் கதவுகளையும் திறந்தான், அந்த ஒன்றைத் தவிர. மற்ற கதவு வழியே பார்த்தால் சீட் காலி, கை வைத்தால் சூடு. அந்தக் கதவின் உள்கைப்பிடி மட்டும் மெல்ல இறங்கியது, பாதியில் நின்றது, ஏறியது. பூட்டைக் கழற்றப் பார்த்தான். நேற்று மாட்டிய நாலு திருகாணியும் நாற்பது வருஷத் துரு. துளை போடும் மெஷினைக் கொண்டுவந்து கதவில் வைத்தான். ஒரு சுற்றுத்தான் சுற்றியது. தகரத்துக்குள்ளிருந்து, வலிக்கிற குரலில், “அம்மா” என்று கேட்டது. அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையும் மாற்றிவிடுகிறவன், மெஷினைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

சீட்டை எடுத்துப் பெட்ரோல் தொட்டு அவளே துடைத்தாள். கிரீஸ் போனது. ‘மாட்ட வேண்டாம்.’ கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். “அப்பா தப்பா எழுதியிருக்கார்” என்று, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ‘டா’வை அடித்து ‘டு’ போட்டார்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. அடுத்த கண்காட்சியில் காருக்கு நூற்றுக்கு நூறு. கோப்பை கூடத்தில் இருக்கிறது. குழந்தை தங்கம். பேசினால் முத்து உதிரும். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு குறை: ‘லை’, ‘ணை’ எல்லாவற்றுக்கும் தும்பிக்கை வைத்து, ஒழித்துக்கட்டிய பழைய எழுத்திலேயே எழுதுகிறதாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று டீச்சர் கூப்பிட்டுக் கேட்டார். அசலுக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு வருஷத்தில் ஒரு சட்டையும் சின்னதாகவில்லை என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். மாடியில் துணி காயவில்லை என்று காரணம் சொன்னார்கள். மாத்தல் பட்டறையை விற்றுவிட்டு, இரண்டு கதவு வண்டி மட்டும் விற்கிற ஒரு கடைக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டு, வேறு ஊருக்குப் போய்விட்டான். சிட்டுவின் அம்மாவைப் பிறந்த வீட்டிலிருந்து மூன்று தடவை அழைத்துப் போக வந்தார்கள். மூன்று தடவையும் மாட்டேன் என்றுவிட்டாள்.

தினமும் நாலு மணிக்கு ஷெட்டில் முக்காலியைப் போட்டு அந்தக் கதவருகே உட்காருகிறாள். மடியில் சீப்பும் ஒரு ரிப்பனும். நாலு ஐந்துக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைப்பிடி மெல்ல இறங்குகிறது. அவள் எழுந்து, இரண்டு கையாலும் வெளிக் கைப்பிடியைப் பிடித்து, காலைக் கதவில் ஊன்றி இழுக்கிறாள். “இன்னும் கொஞ்சம்டா சிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்து.” உள்ளே கைப்பிடி பாதி வரை வருகிறது. நடுங்குகிறது. ஏறிவிடுகிறது.