வழியில் ஒரு காபி

சிவப்பு அதிகம்.

பிலாருக்கு முதலில் தோன்றியது அதுதான். சுவரின் அடியில் இவ்வளவு சிவப்பு வேண்டாமே... ரொஹேலியோவிடம் சொல்ல வேண்டும்...

அப்புறம்தான் ரொஹேலியோவையே பார்த்தாள்.

தான் வரைந்த சுவரோவியத்துக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். கழுத்தில் பாதிவரை இறங்கியிருந்தது கரும்பு வெட்டும் கத்தி!

ஒருவன் செத்துக் கிடக்கிறான். நான் நிறத்தைக் குறை சொல்கிறேன்... பிலாருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பிலிப்பைன்ஸின் சர்க்கரை நகரமான பாகோலோடில் பிலாரை அறியாதவர் இல்லை. அப்பா விட்டுப்போன கரும்புத் தோட்டங்களின் வாரிசு. அந்தச் சர்க்கரைப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டினாள். இந்த அருங்காட்சியகத்தை எழுப்பினாள். இதன் பெரிய சுவரை ரொஹேலியோவிடம் ஒப்படைத்து, 'உண்மையை வரை' என்றாள்.

வரைந்துவிட்டான்! கூலி கேட்ட கரும்பு வெட்டிகளைச் சுடச் சொல்லிக் கை நீட்டும் முதலாளி... அச்சு அசலாக அவளுடைய அப்பா! ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"ஐயோ... நான் இல்ல சார்! அடிக்காதீங்க!"

நடைக்கூடத்தில் அலறியது இரவுக் காவலாளி தெலெஸ். தொடர்ந்து ஓர் அறை. ஏதோ எலும்பு முறியும் சத்தம்...

"இன்ஸ்பெக்டர்! அவரை எதுக்கு அடிக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் மக்பனுவா தொப்பியைக் கழற்றினார். "கொலை விடியக்காலைல நடந்திருக்கு சீன்யோரா. உள்ள இருந்தது இவன் ஒருத்தன்தான். வெறும் வாயால கேட்டா பேச மாட்டான்."

"அதுக்காக எலும்பை முறிச்சா கேப்பீங்க?"

பிலாரின் தம்பி, தோட்டங்களின் வரவுசெலவைக் கையில் வைத்திருக்கும் லியாந்த்ரோ, குறுக்கே வந்தான். "அவரு வேலையை அவரு பாக்கட்டும் அக்கா. நீ உள்ள வா. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு உனக்கு."

தோளை அணைத்து அவளை அலுவலக அறைக்குள் நடத்தினான். கதவைச் சாத்தினான்.

அவன் கை தோளில் இருக்கும்போதே பிலாருக்கு ஒன்று உறைத்தது.

காலையில் வீட்டுக்கு வந்தவனுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். 'வேணாம், வர்ற வழியில ரொட்டிக் கடைல காபி குடிச்சுட்டேன்' என்றான். கொஞ்ச நேரத்தில் போன் அலறியது. கொலைச் செய்தி! பதறியதில் அந்தக் காபியை மறந்தே போனாள்.

பீங்கான் கோப்பை இல்லாவிட்டால் காபியைத் திருப்பி அனுப்புகிறவன். ரிக்ஷாக்காரர்கள் நிற்கும் கடையில் இவனுக்கு என்ன வேலை?

"லியாந்த்ரோ... யாரோட சாவுக்குப் போயிட்டு வந்தே?"

"என்ன உளர்றே?"

"பொணத்தைப் பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்தா ஆவி பின்னாலயே வந்துடும். வழியில எங்கயாவது நின்னு உதறிட்டு வரணும். இந்த ஊர்ல பொறந்த எல்லாரும் செய்யறதுதான். நீயும் செஞ்சிருக்கே." அவனிடமிருந்து விலகி நின்றாள். "ஆனா அப்ப யாரும் செத்ததா ஊருக்கே தெரியாதேடா!"



பாய்ந்தான்! அவள் கழுத்து அவன் கைக்குள். பின்தலை அலமாரியில் மோதி, கண்ணாடி நொறுங்கி, காதோரம் சூடாக வழிந்தது.

"அப்பாவைக் கொலைகாரனா வரைஞ்சு ஊர் பூரா காட்டுவியா? கத்தி பாதிக் கழுத்துல இறங்கினப்பவும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க அப்பா சாயல் உனக்கு'ன்னான்!"

"வி... டு..."

"விடறேன். விடியலுக்கு முன்னாடியே நான் உன் வீட்டுக்கு வந்துட்டேன்னு சொல்லு. போதும். காவலாளி உள்ள போவான். அவனுக்காக யாரு அழப்போறா? இல்லைன்னா தோட்டத்துலேர்ந்து ஒரு பேசோ வராது உனக்கு. ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டு!"

கதவு தட்டப்பட்டது. கையை எடுத்தான். மக்பனுவா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சீன்யோரா! காதுல ரத்தம்..."

"மயங்கி விழுந்துட்டா. சொல்லு அக்கா. நான் எப்ப வந்தேன்?"

வெளியே தெலெஸ் அலறவில்லை இப்போது. முனகினான்.

பிலார் கண்ணை மூடினாள். இத்தனை வருடம் நான் கொடுத்ததில் எது என்னுடையது? நிலம் அப்பாவுடையது. வியர்வை வெட்டியவர்களுடையது. எனக்கே எனக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். அவனைத்தான் கேட்கிறது அந்த முனகல்...

கண்ணைத் திறந்தாள்.

"விடிஞ்சு வெகுநேரம் கழிச்சு வந்தான் இன்ஸ்பெக்டர். நேரா வரல. ரொட்டிக் கடைல நின்னு காபி குடிச்சுட்டு, கொலைன்னு போன் வர்றதுக்கு முன்னாடியே வந்தான். கடைக்காரரைக் கேளுங்க."

மக்பனுவா உள்ளூர்க்காரர். பேனா பாதியில் நின்றது. லியாந்த்ரோவைப் பார்த்தார். தன்னையறியாமல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"செய்தி வர்றதுக்கு முன்னாடியேவா... சார்?"

"அக்கா!" லியாந்த்ரோவின் குரல் உடைந்தது. காவலர்கள் அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார்கள். "வந்தவன் போனவனுக்கெல்லாம் வாரிக் குடுத்தியே! கூடப் பொறந்தவன் ஒரே ஒரு வார்த்தை கேக்கறேன்... குடுக்க மாட்டியா?"

பிலார் காதோர ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"கேக்கற எல்லாருக்கும் நான் நன்கொடை குடுக்கறதில்ல, தம்பி!"