வெதுவெதுப்பான வாய்

ஆய்வகத்தின் குளிர் அறையில் எதற்கும் பெரிதாக வாடை இருக்காது. அங்கே தட்டுகளில் வளரும் பாக்டீரியாக்கள் தென்கோடியிலுள்ள மகல்லானஸ் நீரிணையின் குளிரில் பிறந்து குளிரிலேயே மெல்லப் பெருகுபவை. மூடியைத் திறந்தால் ஈர உப்பின் சாயல் மட்டும் எழும். அன்று எர்சிரா கடல் முள்ளெலிகளிலிருந்து எடுத்து வளர்த்த தட்டைத் திறந்தபோது, இப்போதுதான் தூங்கி எழுந்த ஒருவரின் வாய் வாடை அடித்தது.

நுண்ணோக்கியில் பார்த்தாள். மனித வாயின் சூட்டில் வாழ்பவை.

கூட வேலை செய்யும் ஹாசிந்தா சிரித்தாள். "முள்ளெலிகிட்ட கதை பேசிக்கிட்டே வேலை பாத்தியாடி? எச்சில் தெறிச்சிருக்கும்."

"நான் யாருகிட்டயும் பேசியே மூணு மாசமாச்சு."

ஹாசிந்தா தலை குனிந்துகொண்டாள். மூன்று மாதங்களுக்கு முன்புதான் முள்ளெலி எடுக்க மூழ்கிய எர்சிராவின் கணவன் அபெலார்தோ திரும்பவில்லை. படகிலிருந்து காற்று அனுப்பும் ரப்பர் குழாய் மட்டும் மேலே வந்தது.

எர்சிரா முகமூடி கட்டிக்கொண்டு சோதனையை மறுபடி செய்தாள். அதே வாடை. மற்ற இடத்து முள்ளெலிகளில் அது இல்லை. அவன் மறைந்த பாறைத்திட்டிலிருந்து வந்தவற்றில் மட்டும். செத்த வாய்க்குள் வேறு பாக்டீரியாக் கூட்டம் குடியேறிவிடும். இந்தக் கூட்டம் மாறவே இல்லை.

மாலையில் அபெலார்தோவின் தம்பி லிசாந்த்ரோ வந்தான்.

"ஞாயித்துக்கிழமை புதைச்சிடலாம் அண்ணி. அண்ணனோட கம்பளிச் சட்டை, பூட்ஸு எல்லாம் பெட்டியில வெச்சாச்சு. ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டோம்."

"முதல்ல ஒரு தடவ அந்தப் பாறைத்திட்டுல முங்கிப் பாரு."

"இத்தன நாளைக்கு அப்புறம் என்ன இருக்கும்?"

"எலும்பாவது."

பொய். உள்ளே நினைத்தது வேறு. அவன் உயிரோடு இருந்தால், வெறும் சட்டைக்கு எப்படி மண் தள்ளுவது?

மறுநாள் இருவரும் படகில் போனார்கள். குளிர்காலச் சூரியன் மதியமே மலைமேல் சாய்ந்திருந்தது. குழாய்க்குக் காற்று அனுப்பும் மோட்டார் படபடத்தது. பெட்ரோல் நெடியும், படகின் வயிற்றில் உரசும் கடற்பாசியின் அழுகல் நெடியும் கலந்து அவள் தொண்டையில் தங்கின. முங்கிய லிசாந்த்ரோவின் குழாய் அவள் உள்ளங்கைகளுக்கிடையே வழுக்கி இறங்கியது.

நின்றது.

குமிழிகள் வந்தன. பிறகு வரவில்லை.

படகின் மறுபக்கம் லிசாந்த்ரோ எழுந்தான். வாயில் குழாய் இல்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டாள்.

"குழாய் எங்கடா?"

பற்கள் கிட்டித்தன. அவன் தண்ணீரைக் காட்டினான்.

"கேட்டான் அண்ணி. கைய நீட்டிக் கேட்டான். குடுத்துட்டேன்."

அப்போது குமிழிகள் மீண்டும் எழுந்தன. சீராக. ஒரு மூச்சு, ஓர் இடைவெளி, ஒரு மூச்சு. குழாயை இழுத்தாள். பாறையை இழுப்பதுபோல் இருந்தது.

"மோட்டார நிறுத்திடவா?"

அவள் குழாயை இறுகப் பிடித்தாள். அவனும் நிறுத்தவில்லை. கரை மங்கியது. கேனில் மிச்சமிருந்த பெட்ரோலை அவன் ஊற்றினான். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடித்திருந்தான்.

குமிழிகள்.

குமிழிகள்.

மோட்டார் இருமியது.

கீழிருந்து குழாய் சுண்டி இழுக்கப்பட்டது. ஒரு முறை. மறுபடி. பிறகு அவள் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு, விடாமல்.