மூச்சு முட்டிய பேட்டரி

அம்மாவின் கார் பழசு. பெட்ரோலிலும் ஓடும், பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியிலும் ஓடும். ஹைபிரிட் கார் என்பார்கள். கிளம்பும்போது சத்தமே போடாது. தெருப்பூனைகூட வழிவிட மறந்து நிற்கும்!

வீடு வீடாகப் போய் ஜன்னல் திரை தைத்து மாட்டிவிடுவது அம்மாவின் தொழில். பின் சீட்டு முழுக்கத் துணி மூட்டைகள். பள்ளி விட்டதும் மகளும் அவற்றுக்கு நடுவே ஏறிக்கொள்வாள். எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும் ஒல்லிக்குச்சி என்பதால் அவளுக்கு ஊக்கு என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வாரமாகக் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மெக்கானிக் மாமா சோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரி கொதிக்குதுக்கா. வயசாயிடுச்சுன்னு நெனக்கிறேன். புதுசு போடணும்னா, அந்தக் காசுக்கு இன்னொரு பழைய காரே வாங்கிடலாம்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அப்போ வித்துட வேண்டியதுதான். நான் பழையபடி ஆலை வேலைக்கே போறேன்."

ஊக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆலைக்குப் போனால் அம்மா அவள் தூங்கிய பிறகு வருவாள், எழுந்திருக்கும் முன் போய்விடுவாள். ஐயோ, அது வேண்டவே வேண்டாம்!

"மாமா, பேட்டரி ஏன் கொதிக்குது?"

"வேலை செஞ்சா சூடாகத்தானே செய்யும்? பின்னாடி ஒரு விசிறி காத்தை இழுத்து ஆத்திக்கிட்டே இருக்கும்."

"ஓ! என் காதுகிட்ட 'ஊஊ'ன்னு கத்துமே, அதுவா?"

மாமா நிமிர்ந்தார். "கத்துமா? நான் ஓட்டிப் பார்த்தப்ப கத்தலையே!"

"அப்போ வண்டி காலியா இருந்துச்சு. மூட்டை ஏத்தினாத்தான் கத்தும். லீவு நாள்ல கம்முனு இருக்கும்."

"ஏண்டி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா.

"எல்லாக் காரும் அப்படித்தான் கத்தும்னு நெனச்சேன்மா. நான் வேற கார்ல போனதே இல்லையே!"

ஊக்கு பின் சீட்டில் தாவி ஏறினாள். சீட்டின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு மூடி இருந்தது. பெரிய மூட்டை எப்போதும் சாய்ந்திருக்கும் இடம் அது. "இங்கதான் மாமா!"

மாமா மூடியைக் கழற்றினார். உள்ளே நூலும் தூசும் சேர்ந்து மெத்தையாக அடைத்திருந்தன. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"அடேங்கப்பா! ஒரு தலையணையே தைக்கலாம்!" என்றாள் ஊக்கு.

பதில் சொல்ல வாயைத் திறந்த மாமா, வரிசையாகத் தும்மினார்.

"அடடா, நானே மூட்டையை வெச்சு அமுக்கி, மூச்சு முட்ட வெச்சிருக்கேனே" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"தள்ளி நில்லு கண்ணு, இதைத் தொட்டா ஷாக் அடிக்கும்" என்று ஊக்கை ஒதுக்கிவிட்டு, மாமா கையுறை மாட்டிக்கொண்டு பேட்டரியைத் திறந்தார். வெகுநேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

"பெரிய பேட்டரிக்குள்ள சின்னச் சின்ன பேட்டரியா வரிசையா இருக்குக்கா. சூட்டுல ஒண்ணுதான் கெட்டிருக்கு. அதை மட்டும் மாத்தினாப் போதும்."

"அப்புறம் எத்தனை வருஷம் வரும்?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா இதை இப்ப விக்க வேண்டியதில்லக்கா. தைரியமா ஓட்டுங்க."

ஊக்கு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

வண்டி தயாராகி வந்தது. சின்ன மூட்டைகள் டிக்கிக்குப் போயின. பெரிய மூட்டையை ஊக்கு முன் சீட்டில் உட்கார வைத்தாள். உடனே கார் 'டிங் டிங்' என்று கத்தியது.

"மூட்டைக்கும் பெல்ட் போடணுமாம்மா!"

பெல்ட் மாட்டியதும் மூட்டை விருந்தாளி மாதிரி ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. பின்னால் ஊக்கு காலை நீட்டிக்கொண்டாள்.

கார் கிளம்பியது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

"விசிறி கத்துதாடி?"

"இல்லம்மா. நீ போ!"

அம்மாவுக்கு ஒரே குஷி. ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி பாட ஆரம்பித்துவிட்டாள். இப்போது அந்தக் காரில் கத்துகிற ஒரே ஆள் அம்மாதான்.