வியாழக்கிழமை கையெழுத்து

போன் அலறியது.

பத்ரி யோசிக்காமல் எடுத்துவிட்டான்.

"நான் மேவிஸ். உங்க ஆபீஸுக்குக் கீழதான் நிக்கிறேன்."

ஒரு வாரமாக இவளிடமிருந்துதான் தப்பித்துக்கொண்டிருந்தான்...

"மேல வாங்க மேடம்."

கராடி பகுதியில், மூன்றாம் மாடியில் அவன் ஆபீஸ் அறை. உடல் ஊனமுற்றவர்களுக்கு அரசுப் பென்ஷன் வாங்கித் தரும் ஏஜென்ட் பத்ரி. கேஸ் ஜெயித்தால், வரும் நிலுவையில் பத்து சதவீதம் ஃபீஸ். இது வாசல் போர்டில் எழுதியிருப்பது. முதல் நாளே வெற்றுச் செக்கிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வான். இது போர்டில் எழுதாதது.

மேவிஸ் உட்காரவில்லை. பக்கத்து லோஹேகாவ் ஊரில் ஸ்கூல் டீச்சர். கணவர் எட்மண்ட், விமானப்படை வேலையில் முதுகெலும்பு உடைந்து படுத்த படுக்கையானவர். ஆறு வருட இழுபறிக்குப் பிறகு போன திங்கட்கிழமைதான் நிலுவை வந்தது.

"பன்னெண்டு லட்சம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை செக் போட்டு ஆறு லட்சம் எடுத்திருக்கீங்க. பேசினது பத்து பர்சென்ட்."

"டாக்டர், கிளார்க்... எல்லாருக்கும் குடுத்தேனே."

"பேர் சொல்லுங்க."

"மிரட்டறீங்களா?" பத்ரி சாய்ந்துகொண்டான். "நான் ஒரு லெட்டர் போட்டா போதும். குடிச்சிட்டு பைக்ல விழுந்தவர்னு ஃபைலைத் திறப்பாங்க. மொத்தப் பணத்தையும் திருப்பிக் கட்டணும்."

"அவர் குடிக்கவே மாட்டார்."

"அது உங்களுக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே."

மேவிஸ் மேஜையில் கையூன்றினாள்.

"பாதி தர அவர் சம்மதிக்கவே இல்ல."

இதற்காகத்தானே காத்திருந்தான்? டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வீசினான்.

'நிலுவையில் பாதியை ஃபீஸாகத் தர முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' கீழே எட்மண்டின் கையெழுத்து.

"இது எப்போ போட்டார்?"

"வியாழக்கிழமை காலைல. உங்க வீட்டுக்கே வந்தேன். நீங்க ஸ்கூலுக்குப் போயிருந்தீங்க. என் கண்ணெதிர்ல போட்டார்."

"நல்லா பேசினாரா?"

"ஜோரா பேசினார். டீ போட ஆள் இல்லையேன்னு வருத்தப்பட்டார்."

"ஒரு காப்பி குடுங்க. உங்க சீல் வச்சு, சாட்சிக் கையெழுத்தும் போட்டு."

தாராளமாகக் கொடுத்தான். சீலை அழுத்தியே குத்தினான்.

மேவிஸ் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

பத்ரி துள்ளி எழுந்தான்.

"போலீஸ் எதுக்கு? உங்க புருஷனையே கூப்பிடுங்க, கேட்டுடலாம்."

"பணம் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவர் தவறிட்டார். புதன்கிழமை அடக்கம். சொல்லத்தான் உங்களுக்கு ஏழு தடவை போன் போட்டேன். நீங்க எடுக்கல."

பத்ரி மேஜைமேல் இருந்த தாளைக் கசக்கப் போனான்.

சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து அவன் தோளில் கை வைத்தார்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடக்கம் பண்ணின மறுநாள் அவரை நேர்ல பார்த்துப் பேசியிருக்கீங்க. எனக்கும் அவரைப் பார்க்கணும் போல இருக்கு பத்ரி சார்... எந்த வழியா போனீங்கன்னு ஸ்டேஷன்ல சொல்லிடுங்க."